சிவப்பு கிளிப் போட்ட தொட்டி

"மாமா, சிவப்பு கிளிப் போட்ட தொட்டி எது?"

பால்கனி வாசலில் நின்றபடி மச்சினன் கேட்டான். செடி வளர்த்து விற்பது அவன் தொழில். முழங்கை வரை ரப்பர் கையுறை, மூக்கை மறைத்து ஒரு துணி, கையில் தடித்த பிளாஸ்டிக் பை. பாம்பு பிடிக்க வந்தவன் மாதிரி இருந்தான்.

டிரைவர் அடுப்படியில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா மாப்ளே? நேத்து உன் எதிர்லதானே உங்க அக்கா போட்டா?"

"போட்டாங்க. இப்ப இல்லையே. மஞ்சள் கிளிப் நாலு தொட்டியில இருக்கு. சிவப்பைக் காணோம்."

பூண்டு நசுக்கிய கை நின்றது.

டிரைவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பஸ்ஸை ஸ்டாப்பில் ஒழுங்காக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இதயத்தில் அடைப்பு. அதைச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. உப்பை மறந்துவிட வேண்டும்.

முதல் வாரம், வெந்த அட்டையை மெல்லுகிற முகத்தோடு சாப்பிட்டார். இரண்டாம் வாரம் மனைவி ஒரு புதினாத் தொட்டியைக் கொண்டுவந்து பால்கனியில் வைத்தாள். பொழுது போகாத ஒரு மத்தியானம், அதில் நாலு இலையைக் கிள்ளி, எலுமிச்சை பிழிந்து, அவித்த முட்டை மேல் தூவிச் சாப்பிட்டுப் பார்த்தார். செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். பிடித்தது பைத்தியம். பதினெட்டு தொட்டி. துளசி, கொத்தமல்லி, கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் பார்ஸ்லி, வெங்காயத்தாள், ரோஸ்மேரி. மாத்திரை எண்ணிக்கை குறைந்தது. இடுப்புப் பட்டையில் ஒரு ஓட்டை உள்ளே போனது. மனைவிக்கு மத்தியான டப்பா கட்டும் வேலையும் அவர் கைக்கு வந்தது.

கிளிப் ஏற்பாடு அவளுடையது. துணி காயப்போடும் கிளிப்தான். மஞ்சள் போட்டிருந்தால் செடி இன்னும் பிஞ்சு, விட்டுவை. சிவப்பு போட்டிருந்தால் தொடாதே. கிளிப் இல்லாவிட்டால் தாராளமாக வெட்டு. இத்தனை நாளில் சிவப்புக்கு வேலையே வந்ததில்லை.

நேற்று சாயங்காலம்தான் வந்தது. அக்கா வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்த மச்சினன், பார்ஸ்லித் தொட்டிகளைப் பார்த்துக் கப்பைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, இந்தத் தொட்டிக்கு மண் எங்கேருந்து எடுத்தீங்க?"

"வாய்க்கால் கரையிலேருந்து. ஏன், நல்ல கறுப்பு மண்ணு."

"மண்ணு நல்ல மண்ணுதான். அதுல இருந்த விதைதான் நல்லதில்ல. இது பார்ஸ்லி இல்ல மாமா. ஹெம்லாக். ஒரு கைப்பிடி உள்ள போனா கால் மரத்துப்போகும், அப்புறம் மூச்சு நிக்கும். வேக வெச்சாலும் நம்ப முடியாது. யாரும் கை வைக்காதீங்க. நாளைக்குக் கையுறையோட வந்து வேரோட எடுத்துடறேன்."

அப்போதே அக்கா ஓடிப்போய்ச் சிவப்பு கிளிப்பைக் கொண்டுவந்து தொட்டி விளிம்பில் மாட்டினாள்.

அந்தக் கிளிப்தான் இப்போது இல்லை.

டிரைவர் பால்கனிக்கு வந்தார். பார்வை தொட்டிகள் மேல் ஓடியது. பிறகு மெல்ல மேலே ஏறியது.

துணிக் கொடி. காலியான கொடியில் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தது சிவப்பு கிளிப்.

விடியற்காலை. அரையிருட்டு. பேய்க்காற்று. மனைவியின் வேலைக் கோட்டு கொடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தது. ஒரு கையால் கோட்டைப் பிடித்து, இன்னொரு கையால் கீழே துழாவி, கைக்கு அகப்பட்ட கிளிப்பை எடுத்து மாட்டியது யார்? அவர்தான். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று பதினெட்டு தொட்டிகளையும் சுவரோரமாகத் தள்ளி, வரிசையைக் கலைத்ததும் அவர்தான். ஏழு மணிக்குக் கத்தரிக்கோலோடு வந்து, கிளிப் இல்லாத தொட்டியில் கொத்தாக வெட்டியதும்...

"மாமா." அடுப்படியிலிருந்து மச்சினன் குரல். தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்த மிச்சக் கொத்தைக் கையுறைக் கையால் தூக்கிப் பிடித்திருந்தான். தண்டில் ஊதாப் புள்ளிகள், மை தெறித்த மாதிரி. ஒரு தண்டை நசுக்கி நீட்டினான். எலி செத்த பரண் வாடை. காலையில் பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டிருந்தன.

"இதைச் சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எடுத்து வெச்ச பங்கு அது. இன்னும் சாப்பிடல."

"அப்போ இன்னொரு பங்கு?"

டிரைவர் வாசல் பக்கம் கையை மட்டும் காட்டினார். எட்டரை மணிக்கு அவள் டப்பாவோடு படியிறங்கிப் போன வாசல்.

மணி பதினொன்று நாற்பத்தி ஆறு. அவளுக்குச் சாப்பாட்டு மணி பன்னிரண்டரை.

அவள் வேலை பார்ப்பது பரீட்சை வினாத்தாள் அச்சடிக்கும் அச்சகத்தில். கட்டுகளை எண்ணி, நூல் கட்டி, அரக்கு காய்ச்சி முத்திரை வைப்பாள். வினாத்தாள் ஓடுகிற ஒன்பது நாளும் காலை ஒன்பதுக்கு உள்கதவு மூடினால் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். போன் வாசல் அலமாரியில். உள்ளே தொலைபேசி இணைப்பே கிடையாது. கோட்டுப் பாக்கெட்டைக்கூடத் தைத்து மூடியிருப்பார்கள்.

'அந்த ஒன்பது நாள் பகல்ல நான் செத்துட்டதா நினைச்சுக்கோங்க' என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். இன்று ஐந்தாவது நாள்.

டிரைவர் கொடியிலிருந்து கிளிப்பைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. "வண்டியை எடு மாப்ளே!"

மச்சினனின் வேன் நல்ல வேன்தான். ஓட்டுகிறவன்தான் ஆமை. பின்னால் செடி சாயக் கூடாது என்று பத்து வருடம் பழகிய கால், ஆக்ஸிலரேட்டரைத் தொடும்போதே மன்னிப்புக் கேட்கும்.

"மிதிடா!"

"மிதிச்சுக்கிட்டுதான் மாமா இருக்கேன்."

"எதை? பிரேக்கையா? ஒரு கிழவர் சைக்கிள்ல நம்மளை முந்திட்டுப் போறாரு, பாரு!"

"அங்க சிக்னல் மாமா."

"தெரியும்! அது நாப்பது செகண்டு நிக்கும். இடது பக்கம் திருப்பு. மார்க்கெட் பின்னால போ. பதினொண்ணேமுக்காலுக்கு மேல அங்க லோடு வண்டி நிக்காது."

அவர் வலது கால் தன்பாட்டில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கை ஸ்டியரிங் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. இடது மார்புக்குள் ஏதோ தட்டியது. 'இன்னைக்கு வேணாம்ப்பா, நாளைக்கு வெச்சுக்கலாம்' என்று அதனிடமே சொன்னார்.

மனைவியின் போனுக்கு அடித்தார். மணி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பூட்டிய அலமாரிக்குள் அது துள்ளிக்கொண்டிருக்கும்.

"மாமா, அக்கா இலையை ஒதுக்கி வெச்சிட்டுச் சாப்பிடுவாங்களோ?"

"ஒதுக்குறதாவது! முதல் வாயே இலைதான்டா அவளுக்கு."

மச்சினன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். வேன் பத்து வருடத்தில் முதல் தடவையாகக் குலுங்கியது. பின்னால் ஏதோ ஒரு தொட்டி உருண்டு உடைகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி பன்னிரண்டு பதினொன்று. அச்சக வாசல்.

வாசலில் ஒரே ஆள். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சீருடை, இடுப்பில் சாவிக்கொத்து. மனைவி சொல்லிச் சொல்லி அவருக்குப் பழக்கமான முகம். உள்ளே இருப்பவர்கள் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் 'பூட்டு'.

டிரைவர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். வாய்க்கால் மண், இலை, சிவப்பு கிளிப், கொடி, கோட்டு, டப்பா. பூட்டு இமை கொட்டாமல் கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். உள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. 'பச்சை மூடி டப்பாவுல இருக்கற இலையைச் சாப்பிடாதே'ன்னு, அவ்வளவுதான்."

"பச்சை மூடி. இலை. சாப்பிடாதே." ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். "கேக்கறவங்க இதை என்னன்னு நினைப்பாங்க? எத்தனாவது கேள்வி, எந்தக் கட்டுன்னு கேப்பாங்க. போன வருஷம் ஒருத்தன் முட்டை ஓட்டு மேல பென்சில்ல எழுதி உள்ள அனுப்பினான். அதுக்கு முன்னால ஒருத்தி, அம்மா செத்துட்டாங்கன்னு அழுதா. அந்த அம்மாவே சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்தாங்க."

"இது பொய் இல்ல மேடம்! இந்தாங்க, இவன் அவளோட கூடப்பிறந்த தம்பி. செடிக்காரன். கேளுங்க."

மச்சினன் பிளாஸ்டிக் பையைத் திறந்து கொத்தைக் காட்டினான். வாடை முகத்தில் அடித்தது. பூட்டு ஒரு அடி பின்னால் போனாள். முகம் மாறியது. ஆனால் நகரவில்லை.

"நம்பறேன். நம்பினா மட்டும்? உள்கதவுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உள்ள இருக்கற அதிகாரிகிட்ட. உள்ளேருந்து அவசர மணி அடிச்சா ஒழிய நான் திறக்க முடியாது. பேச்சோ எழுத்தோ உள்ள போனா, நாலு நாள் அச்சடிச்சதெல்லாம் நெருப்புக்குப் போகும். நாப்பத்திமூணு பேரும் விசாரணைக்குப் போவாங்க. உங்க மனைவியும்தான்."

"அவ உசிரோட போகட்டும் மேடம், விசாரணைக்கு!"

"யாருக்காவது மயக்கம் வந்தா மணி அடிப்பாங்க. அடிச்ச நிமிஷம் திறப்பேன்."

"அப்போ மூச்சு நின்னிருக்கும்!"

பூட்டு போனை எடுத்து ஆம்புலன்ஸை வரச் சொன்னாள். வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்தொன்பது. பிறகு, பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, எங்கோ பார்த்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"சாப்பாட்டை மறந்துட்டு வந்தவங்களுக்கு, பன்னிரண்டு இருபத்தஞ்சு வரைக்கும் ஜன்னல் வழியா உணவு அனுப்பலாம். சோதனை பண்ணணும். எழுத்து இருக்கக் கூடாது. எண் இருக்கக் கூடாது. இதுதான் விதி."

சுவரில் இரட்டைக் கதவு வைத்த ஒரு பெட்டி. இந்தப் பக்கம் மூடினால்தான் அந்தப் பக்கம் திறக்கும்.

டிரைவர் அவளையே பார்த்தார். அவள் கடிகாரத்தையே பார்த்தாள்.

"மாப்ளே! வண்டியில சாப்பிட என்ன இருக்கு?"

"என் மத்தியானப் பசிக்கு ரெண்டு வாழைப்பழம்..."

"எடுத்துட்டு வா! ஓடு!"

ஆமை ஓடியது. பழம் வந்தது, ஒரு காகிதப் பையில். டிரைவர் பையின் வாயை இரண்டு மடிப்பு மடித்தார். சட்டைப் பைக்குள் கை போனது. சிவப்பு கிளிப்பை எடுத்து மடிப்பின் மேல் மாட்டினார். அவசரத்தில் கிளிப் ஒரு தடவை நழுவி மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. நெஞ்சு இடிக்க இடிக்கக் குனிந்து எடுத்து மறுபடி மாட்டினார்.

பன்னிரண்டு இருபத்திரண்டு.

பூட்டு பையை வாங்கினாள். பழங்களை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையை வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசியாகக் கிளிப்பை எடுத்து, வாயைப் பிளந்து உள்ளே பார்த்து, கட்டை விரலால் இரண்டு பக்கமும் தேய்த்தாள். ஒரு வேலையிலும் குறை வைக்காத கை அது.

"இது எதுக்கு?"

இப்போதுதானே கதை முழுவதும் கேட்டாள்!

"பை... பையோட வாய் திறந்துக்காம இருக்க."

பூட்டு கிளிப்பை ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று.

"எழுத்து இல்ல. எண் இல்ல." பையை மடித்து, கிளிப்பை முதலில் இருந்த அதே இடத்தில் அழுத்தி மாட்டினாள். "அனுப்பலாம். பணியாளர் எண்?"

"நாப்பத்தொண்ணு!"

பெட்டிக் கதவு மூடியது. உள்ளே மணி ஒரு தடவை ஒலித்தது. அந்தப் பக்கம் யாரோ திறக்கும் சத்தம். பிறகு சத்தம் இல்லை.

பன்னிரண்டரை. சாப்பாட்டு மணி சுவர் தாண்டிக் கேட்டது.

அந்தச் சுவருக்கு அப்பால் நாற்பத்து மூன்று டப்பாக்கள் திறக்கின்றன. பை அவள் கைக்குப் போயிற்றா? பெட்டியிலிருந்து எடுத்தவள் 'சாப்பிட்டப்புறம் குடுக்கலாம்' என்று ஓரமாக வைத்துவிட்டாளா? கிளிப்பைப் பார்த்தாளா? பார்த்தாலும், 'மனுஷனுக்குப் புத்தி மழுங்கிப்போச்சு, பழத்துக்குக் கிளிப் போட்டு அனுப்புது' என்று சிரித்துவிட்டு முதல் வாயை வைத்துவிட்டாளா?

ஆம்புலன்ஸ் வந்து வாசலோரம் நின்றது. மச்சினன் கையுறையைக் கழற்றவே இல்லை. டிரைவர் அவசர மணியின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது அடித்தால் அவள் விழுந்துவிட்டாள். அடிக்காவிட்டால்? இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

"உக்காருங்க" என்றாள் பூட்டு. அவர் உட்காரவில்லை. அவளும்தான் உட்காரவில்லை.

ஒரு மணிக்குப் பெட்டி ஒலித்தது. சாப்பிட்ட டப்பாக்கள் உள்ளே தங்கக் கூடாது, வெளியே வந்தாக வேண்டும், அதுவும் விதி. பூட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். நீல மூடி. எவர்சில்வர். மறுபடி நீலம். கண்ணாடி. பதினைந்து, இருபது, முப்பது. பச்சை மூடி வரவில்லை.

முப்பத்தொன்பதாவது பச்சை.

அதன் மூடி விளிம்பில் சிவப்பு கிளிப்.

டிரைவர் பாய்ந்து எடுத்தார். கனத்தது. சாப்பிடவில்லை! மச்சினன் சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

டிரைவர் மூடியைத் திறந்தார். தயிரில் பிரட்டிய உருளைக்கிழங்கு, மேலே பச்சைப் பசேலென்று தூவிய இலை.

வலது ஓரத்தில், ஸ்பூன் அளவுக்கு ஒரு குழி.

"ஐயோ." அவர் கையிலிருந்த மூடி விழுந்தது. "ஒரு வாய் சாப்பிட்டிருக்கா!"

பூட்டின் கை சாவிக்கொத்துக்குப் போயிற்று. வெள்ளைச் சட்டை போட்ட ஆம்புலன்ஸ்காரர் எழுந்து வந்தார். "எவ்வளவு நேரமாச்சு? திறங்க மேடம்!"

"மாமா, இருங்க!" மச்சினன் தரையிலிருந்து தாவி எழுந்து டப்பாவைப் பிடுங்கினான். ரப்பர் விரலால் குழியைக் காட்டினான். "இதுக்குள்ள பாருங்க."

குழிக்குள்ளும் இலை கிடந்தது. மற்ற இடத்தில் எப்படித் தூவியிருந்ததோ அப்படியே, அடி வரைக்கும்.

"இலை தூவினப்புறம் எடுத்திருந்தா இங்க எப்படி மாமா இலை வரும்? குழி முதல்ல. இலை அப்புறம்."

டிரைவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காலை ஏழே கால். இலை தூவுவதற்கு முன்னால், டப்பாவின் ஓரத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது அவர்தானே.

"எதுக்கு எடுத்தீங்க?"

"உப்பு பாக்க" என்றார் டிரைவர்.

"உப்பே போடாத சாப்பாட்டுலயா?"

"பழக்கம்டா!"

பூட்டு முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. கைக்குட்டையால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் போனது. டிரைவர் போகவில்லை. ஐந்து மணிக்கு உள்கதவு திறந்து, ஒவ்வொருவராகச் சோதனை முடிந்து, நாற்பத்தொன்றாம் எண் வெளியே வரும்வரை அதே இடத்தில் இருந்தார். அவள் முழங்கையில் அரக்குப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"ஸ்பூனைக் கையில எடுத்துட்டேன்ங்க" என்றாள் அவள், வாசலைத் தாண்டியதும். "அப்பத்தான் பை வந்துச்சு. வாழைப்பழம் யாரு அனுப்பினதுன்னு பக்கத்துல எல்லாரும் கேலி. கிளிப்பைப் பாத்தேன். கை அப்படியே நின்னுடுச்சு. நேத்து நானே மாட்டின கிளிப் இல்லையா?" நாலு அடி நடந்தாள். "தொட்டியிலேருந்து அதை எடுத்தது யாரு?"

"நான்தான். காத்துல உன் கோட்டு பறந்துடும்போல இருந்துச்சு."

"கோட்டு பறந்தா வேற கோட்டு குடுப்பாங்க." நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பறந்தா?"

அவர் தலை குனிந்தது. "இனிமே அடுப்படிப் பக்கமே போகல. தொட்டி எல்லாத்தையும் மாப்ளேகிட்டயே குடுத்துடறேன்."

"ஆமா, நாளைக்கும் ரெண்டு வாழைப்பழத்தை வெச்சுக்கிட்டு நான் சாயங்காலம் வரைக்கும் அரக்கு காய்ச்சணுமா? நீங்களும் பழையபடி அட்டையை மெல்லப் போறீங்களா?" அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு கிளிப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "இனிமே தொட்டிக்குத் தொட்டி பேர் எழுதின அட்டையைக் கம்பியால கட்டுங்க. துணிக்கு வெள்ளை கிளிப் தனியா. வழியில கடையில நிறுத்தி அதை வாங்கிட்டுத்தான் வீடு. ராத்திரிக்கு முட்டை, வெங்காயத்தாள், துளசி. நான் பக்கத்துலயே நிப்பேன்."

பின்னால் சாவிக்கொத்துச் சத்தம். பூட்டு.

"நாப்பத்தொண்ணு, ஒரு நிமிஷம்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு. பரீட்சை முடிஞ்சப்புறம் ஒரு புதினாக் கன்னு கிடைக்குமா? நல்லா பாத்து."

மூவரும் வேனில் ஏறினார்கள். மனைவி நடுவில். மச்சினன் பின்னால் உடைந்து கிடந்த தொட்டியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, சாவியைத் திருப்பினான். டிரைவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிற மாதிரி இருந்தது, ஆனால் விடவில்லை.

"மாப்ளே, மெதுவாவே போ."

"இதுக்கு மேல மெதுவாப் போனா, வண்டி பின்னால போகும் மாமா."